பல் வெண்மையாக்கம் அழகு நிலைய வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதங்கள் பிறந்துவிட்டால் வேலூரிலும் காட்பாடியிலும் சில அழகு நிலையங்கள் வைக்கும் மணப்பெண் அலங்காரப் பட்டியலில், மருதாணி, முகப்பொலிவு, சிகையலங்காரம் என்ற வரிசையிலேயே பல் வெண்மையாக்கமும் இப்போது இடம்பெறுகிறது. மருதாணி சரியாக அமையாவிட்டால் சில நாட்களில் அழிந்துவிடும். பல்லின் கடினமான மேலுறையான எனாமல் அரித்துப் போனால் மறுபடி வளராது. இவ்விரண்டையும் ஒரே கையில் ஒப்படைப்பது தவறு என்பதை எங்கள் வீட்டு அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

என் அக்காள் மகள் திருப்பத்தூரை அடுத்த ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். அவளுடைய மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் சுண்ணாம்பைத் தீற்றியது போன்ற வெள்ளைக் கோடுகளும், நடுவே தேநீர் சிந்திக் காய்ந்தது போன்ற பழுப்புக் கறையும் சிறு வயதிலிருந்தே உண்டு. கடந்த ஆவணியில் திருமணத்துக்கு மூன்று நாள் முன்பாக ஓர் அழகு நிலையத்தில் பற்களில் களிம்பு தடவி, நீல விளக்கின் முன் முக்கால் மணி நேரம் உட்கார வைத்திருக்கிறார்கள். களிம்பில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு, எல்லோருக்கும் போடுவதுதான் என்பதே பதில். அன்று மாலையே ஈறின் விளிம்பு வெந்த முட்டையின் வெள்ளைக்கரு போல வெளுத்து எரியத் தொடங்கியது. வெள்ளைக் கோடுகள் முன்னைவிடத் தூக்கலாகத் தெரிந்தன. பழுப்புக் கறை இருந்தபடியே இருந்தது. தாலி கட்டி முடிந்து பாலும் பழமும் கொடுத்தபோது, ஆறிய பால் பல்லில் பட்டதற்கே அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

பிறகு பார்த்த பல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, சிறு வயதில் எந்தத் தண்ணீர் குடித்தாய் என்பதுதான். வடஆற்காட்டின் பாறைப் பாங்கான நிலத்தில், குறிப்பாகத் திருப்பத்தூர் பக்கத்தில், பல ஆழ்துளைக் கிணறுகளின் நீரில் ஃபுளூரைடு என்ற உப்பு மிகுதி. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. ஏறத்தாழ எட்டு வயதுவரை, ஈறுக்குள் நிரந்தரப் பல்லின் எனாமல் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அந்த அளவைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால் கறை எனாமலோடு சேர்ந்தே உருவாகிவிடுகிறது. சரியாகப் பல் துலக்காததால் வந்த கறை என்று சொல்லி எங்கள் பிள்ளைகளைக் கேலி செய்தவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கேலிதான் அவர்களை இந்த விளக்கின் முன் கொண்டுபோய் உட்கார வைக்கிறது என்பது என் வருத்தம்.

வெண்மையாக்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. வெண்மையாக்கும் மருந்தான ஹைட்ரஜன் பெராக்சைடு எனாமலுக்குள் ஊடுருவி நிறப்பொருள்களைச் சிதைக்கிறது. வயதாலும் தேநீராலும் வெற்றிலையாலும் மஞ்சளித்த பற்களில் அது நன்றாகவே வேலை செய்யும். பல்லின் அச்செடுத்துச் செய்த உறையில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடை வைத்து இரவில் அணிந்துகொள்ளும் முறை 1989 முதல் மருத்துவ வழக்கில் உள்ளது. அந்த 10 சதவீதம் ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடுக்குச் சமம். இரண்டு மூன்று வாரம் பொறுமை வேண்டும். பல் கூச்சம் வந்தாலும் பெரும்பாலும் சில நாட்களில் அடங்கிவிடும். மருத்துவமனையில் ஒரே அமர்வில் செய்யும்போது 25 முதல் 40 சதவீதம் வரை வீரியமுள்ள மருந்தைப் பயன்படுத்துவார்கள் என்பதால், ஈறில் படாமல் தடுப்புப் பூச்சு இட்டு, சொத்தைப் பல் இருந்தால் அதை முதலில் அடைத்த பிறகே தொடங்குவார்கள். நீல விளக்கினால் பெரிய கூடுதல் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. சிகிச்சை முடிந்து எழுந்தவுடன் கண்ணாடியில் தெரியும் பளிச்சென்ற வெண்மையில் ஒரு பகுதி, பல் ஈரம் உலர்ந்ததால் வருவது. சில நாளில் அது தணிந்துவிடும். பல்லின் மேல் நிரந்தரமாகப் பொருத்திய செயற்கை உறையும் பல் நிற அடைப்பும் இந்த மருந்தால் நிறம் மாறுவதில்லை. ஃபுளூரைடு கறைக்கோ எனாமலின் மேற்பரப்பை மிக மெல்லியதாகத் தேய்த்தெடுத்தல், பிசின் ஊடுருவச் செய்தல் போன்ற வேறு சிகிச்சைகளும் தேவைப்படலாம். எது யாருக்கு என்பதைப் பல்லைப் பார்த்துச் சோதித்தவர்தான் சொல்ல முடியும்.

எலுமிச்சைச் சாறும் சமையல் சோடாவும், கரித்தூள் என்று கைப்பேசியில் வலம் வரும் வைத்தியங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னது அமிலத்தால் எனாமலைக் கரைக்கிறது, பின்னது தேய்க்கிறது. தேய்ந்த எனாமலின் வழியே உள்ளிருக்கும் மஞ்சள் நிற டென்டின் தெரிய, பல் முன்னைவிட மஞ்சளாகிவிடும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் கொண்டுவந்த விதிப்படி, 0.1 சதவீதத்துக்கு மேல் 6 சதவீதம் வரை ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள வெண்மையாக்கப் பொருள்களைப் பல் மருத்துவர்களுக்கு மட்டுமே விற்கலாம். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பயன்படுத்தவே கூடாது. அதே கண்டிப்பு நம் ஊருக்கும் வேண்டும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்று மாவட்ட நிர்வாகங்களும், பல் மருத்துவர் இல்லாத இடங்களில் இந்தக் களிம்பைப் பூசுவதைச் சோதனையிட்டு நிறுத்த வேண்டும். அரசு மருத்துவமனைகளின் பல் மருத்துவப் பிரிவுகள் திருமண வயதுப் பிள்ளைகளுக்குக் கறையின் காரணத்தைச் சோதித்துச் சொல்ல வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கலாம். பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகள் குடிக்கும் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து, அதன் ஃபுளூரைடு அளவைக் குழாயின் அருகிலேயே எழுதி வைக்கவும் ஆவன செய்ய வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
காட்பாடி.