வாரத்தில் எத்தனை நாள் பளு தூக்குவது?

பாளையங்கோட்டை,
ஆடி மாதம்.

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கே ஆனித் தேரோட்டம் முடிந்து டவுண் ரத வீதிகள் பழைய நடைக்குத் திரும்பிவிட்டன. எங்கள் பள்ளியிலும் வட்டார விளையாட்டுப் போட்டிகளுக்கான பயிற்சி தொடங்கிவிட்டது. வரும் பொங்கலுக்கு வடலிவிளைப் போட்டியில் இளவட்டக்கல் எனும் கனத்த உருண்டைக் கல்லைத் தூக்கிவிட வேண்டும் என்று வாரத்தில் ஆறு நாள் ஜிம்முக்குப் போவதாகவும், ஆனாலும் ஸ்குவாட்டில் (தோளில் பளுவோடு உட்கார்ந்தெழுவதில்) எடை ஏறாமல் நிற்பதாகவும், இரவில் உறக்கம் பிடிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறாய். இனிக் காலை, மாலை இரு வேளையும் போகலாமா என்று கேட்கிறாய். போகாதே. ஆறு நாளை மூன்றாகக் குறைத்துக்கொள் என்பதே என் பதில்.

பளுவைத் தூக்கி முடித்த நேரத்தில் தசை முன்பைவிடத் தளர்ந்துதான் இருக்கிறது. புதிய புரதத்தைக் கட்டும் வேலை அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து இரண்டு நாள் வரை மும்முரமாக நடக்கிறது. பல ஆண்டுகள் பழகியவர்களுக்கு அது இன்னும் சீக்கிரம் அடங்கிவிடும். ஆனால் தசையை எலும்போடு பிணைக்கும், ரத்த ஓட்டம் குறைந்த தசைநாண்கள் தேறுவதற்குத் தசையைவிடக் கூடுதல் காலம் பிடிக்கும் என்பதால், தொடை தயாராக இருக்கும்போதே முழங்கால் முணுமுணுக்கும். ஹான்ஸ் செல்யே 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு குறிப்பு ஒன்று உண்டு. குளிர், காயம், மட்டுமீறிய உடலுழைப்பு என்று எதைக் கொடுத்தாலும் எலிகளின் உடல் முதலில் அதிர்ந்து, பிறகு தாங்கப் பழகி, விடாமல் தொடர்ந்தால் கடைசியில் ஓய்ந்துபோகிறது என்று அவர் கண்டார். பளு எங்கிருந்து வந்தது என்று உடல் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதுதான் அதில் நமக்கு வேண்டிய செய்தி.

உன் கணக்கில் விட்டுப்போனதும் இதுதான். காற்றுக் காலத்தில் பழுது வந்தால் கருவிப் பையோடு ஐம்பது அறுபது மீட்டர் உயரக் காற்றாலைக் கோபுரத்தில் ஏணி வழியே ஏறுகிறாய். பிடிக்கும் கை, தோள், கெண்டைக்கால் எல்லாம் அங்கேயே ஒரு ஒர்க்கவுட்டை முடித்துவிடுகின்றன. அதே நாள் மாலை ஜிம்மில் புல்-அப்ஸும் (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) டெட்லிஃப்டும் (தரையிலிருந்து பளுவை இடுப்பு வரை தூக்குவது) செய்தால் அது இரண்டாவது முறை. எங்கள் ஜிம் பையன்கள் சிலர் தேரோட்டத்துக்கு முந்தைய நாள் முதுகுக்குப் பயிற்சி செய்துவிட்டு, மறுநாள் வெயிலில் வடம் பிடித்து இழுத்தார்கள். அடுத்த ஒர்க்கவுட்டில், வழக்கமாக ஐந்து ரெப்ஸ் (ஐந்து தடவை) எடுக்கும் எடையை இரண்டோடு கீழே வைத்துவிட்டு, பார் சரியில்லை, பிளேட் சரியில்லை என்று மாஸ்டரிடம் வழக்காடிக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு 2009இல் வெளியிட்ட பரிந்துரை, புதியவர்களுக்கு வாரத்தில் 2 அல்லது 3 நாள், இடைநிலையினருக்கு 3 அல்லது 4, நன்கு தேர்ந்தவர்களுக்கு 4 அல்லது 5 என்று வகுத்தது. வாரம் முழுவதற்குமான செட்களின் (ஓய்வெடுக்காமல் தொடர்ந்து எடுக்கும் ரெப்ஸ் சேர்ந்தது ஒரு செட்) எண்ணிக்கை ஒன்றாக இருந்தால், அவற்றை எத்தனை நாளாகப் பங்கிட்டாலும் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே நாளில் இருபது செட்டை அடித்தால் கடைசிச் செட்கள் பேருக்குத்தான் நடக்கும். அதனால் இரண்டாகப் பிரிப்பதில் லாபம் உண்டு. ஏற்கெனவே மிகுந்துபோன செட்களுக்குமேல் இன்னும் ஒரு வேளையைச் சேர்ப்பதில் எந்த லாபமும் இல்லை.

உனக்கு முற்றிய ஓவர்டிரெயினிங், அதாவது மட்டுமீறிய பயிற்சியால் வரும் நீண்ட தளர்ச்சி, வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. 2013இல் ஐரோப்பிய, அமெரிக்க வல்லுநர்கள் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை மூன்று நிலைகளைச் சொல்கிறது: சில நாள் ஓய்வில் தேறி முன்பைவிட வலுவாகத் திரும்புவது ஒன்று, தேற வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆவது இன்னொன்று, பல மாதங்களாகியும் மீளாதது மூன்றாவது. மூன்றாவது நம்மைப் போன்றவர்களுக்கு வருவது அரிது. நீ முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவே நிற்கிறாய் என்பது என் ஊகம். எரிச்சல், உறக்கக் குறைவு, தொடர்ந்து இரண்டு மூன்று ஒர்க்கவுட்களில் அதே எடைக்கு ரெப்ஸ் குறைவது ஆகியவை சேர்ந்து வந்தால் உடனே பயிற்சியைக் குறைத்துவிடு. மறுநாள் தசை வலியை மட்டும் அளவுகோலாக வைக்காதே. படியிறங்க முடியவில்லை என்பதை ஜிம்மில் பெருமையாகச் சொல்வார்கள், ஆனால் பழக்கமில்லாத அசைவு எதைச் செய்தாலும் அந்த வலி வரும்.

முதல் வாரம் செட்களைப் பாதியாக்கி, எடையையும் கொஞ்சம் இறக்கிவிடு. அதன் பிறகு திங்கள், புதன், சனி போதும். திங்கள் ஸ்குவாட்டில் கனம், சனிக்கிழமை இலகு. எந்த செட்டிலும் இன்னும் இரண்டு ரெப்ஸ் எடுக்கலாம் என்ற நிலையிலேயே நிறுத்து. கோபுரம் ஏறிய மறுநாள் டெட்லிஃப்ட் கூடாது, நாளை மாற்றிக்கொள். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை மீண்டும் ஓர் இலகுவான வாரம் வரட்டும். கல்லை மடியில் ஏற்றி, நெஞ்சுக்குக் கொண்டுவந்து, தோளேற்றிப் பின்னால் தள்ளும் வேலையில் கீழ்முதுகு படும் பாடு பெரியது; ஆகவே கார்த்திகையில் கல்லைத் தொடங்கும்போது டெட்லிஃப்டுக்குப் பதிலாக அதைச் செய், இரண்டையும் சேர்க்காதே.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, உடல் எடையில் கிலோவுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் போதும். எழுபது கிலோ இருக்கும் உனக்கு நூற்றுப்பத்து கிராம் வரும். சொதியையும் இஞ்சித் துவையலையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அங்கே புரதத்தைத் தேடாதே. உவரிச் சாளை மீனும் முட்டையும் பவுடர் டப்பாவைவிட உனக்கு மலிவு. இரவுப் பணி முடிந்து வரும் நாளில் உறங்காமல் ஜிம்முக்குப் போவதைவிட அன்று போகாமல் இருப்பதே மேல்.

இரண்டு மூன்று வாரம் குறைத்தும் உறக்கமும் தெம்பும் திரும்பாவிட்டால் ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடு. எல்லாவற்றுக்கும் ஜிம்மைக் காரணம் சொல்லிவிட்டு நோயைத் தவறவிடக் கூடாது. கடும் பயிற்சிக்குப் பின் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனால் ஒரு நாளும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போ. சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். உன் பயிற்சிக் குறிப்பேட்டின் கடைசி ஒரு மாதப் பக்கங்களை, கோபுரம் ஏறிய நாட்களையும் குறித்து, படமெடுத்து அனுப்பு. கனமான நாட்களை உன் ஷிப்டுக்கு ஏற்ப மாற்றி எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழன்