முதல் ஹேண்டிகேம் வாங்குமுன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

தை பிறந்துவிட்டால் கல்யாணம், பள்ளி ஆண்டு விழா, அடுத்து மாசி மகம் என்று வரிசை கட்டும். புதுச்சேரியில் எங்கள் கடைக்கு "சின்னதாக ஒரு ஹேண்டிகேம், விலை அதிகம் போகக் கூடாது" என்று கையடக்க வீடியோ கேமரா தேடி வருபவர்களும் அப்போதுதான் அதிகம்.

வந்தவுடன் எல்லாருடைய கண்ணும் பெட்டியில் அச்சடித்த ஜூம் எண்ணில்தான் விழுகிறது. 350 மடங்கு! அதில் லென்ஸ் நகர்ந்து இழுப்பது, அதாவது ஆப்டிகல் ஜூம், 30 மடங்குதான் இருக்கும். மிச்சமெல்லாம் படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்கும் வித்தை. நம்பாதவரைக் கடை வாசலில் நிறுத்தி, தெருக்கோடியிலுள்ள பெயர்ப் பலகையைப் பிடிக்கச் சொல்வோம். ஆப்டிகல் ஜூம் முடியும் வரை எழுத்துகள் கூர்மையாக நிற்கும். அதற்கு மேலும் அழுத்தினால் 'ஸ்டோர்ஸ்' என்பதன் புள்ளிகள் கரைந்து, எழுத்தே கட்டம் கட்டமாகிவிடும். ஏழெட்டாயிரத்துக்கு '4கே' என்று வரும் பெயர் தெரியாத கேமராக்கள் பலவற்றில் ஆப்டிகல் ஜூமே கிடையாது. அவற்றை நாங்கள் விற்பதில்லை. அதனால் சில வியாபாரம் போகிறது; போகட்டும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். மலிவான ஹேண்டிகேமில் ஒளியைப் படமாக மாற்றும் சென்சார் மிகச் சிறியது. மங்கிய வெளிச்சத்தில் உங்கள் கைபேசியே நன்றாக எடுக்கும். வீட்டுக்குள் பிறந்தநாள் மட்டும்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் பணத்தை வீணாக்காதீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து மேடையிலிருக்கும் பிள்ளையை இரண்டு மணி நேரம் எடுக்க வேண்டுமா? அதற்கு ஹேண்டிகேம்தான்.

படத்தைவிட அதிகம் ஏமாற்றுவது ஒலி. வைத்திக்குப்பம் கடற்கரையில் மாசி மகத் தீர்த்தவாரியை எடுத்த ஒருவர் எங்களுக்குப் போட்டுக் காட்டினார். சுவாமி தெளிவாக இருக்கிறார். நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவதுகூடத் தெரிகிறது. கேட்பதோ காற்றின் இரைச்சல் மட்டும். அவருடைய கேமராவில் வெளி மைக் செருகத் துளையே இல்லை. மைக் துளையுள்ள மாடலுக்குச் சற்றுக் கூடக் கொடுக்கலாம். அதற்கொரு பஞ்சு உறையும் வாங்கிப் போடுங்கள்.

வெளிநாட்டு உறவினர் கொண்டு வருவதாகச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மின்சாரத்தின் துடிப்புக்கேற்ப டியூப்லைட்டும் துடிக்கும்; கேமரா அதற்கு ஒத்துப்போக வேண்டும். பிரான்சிலும் நம்மைப் போல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான், கவலையில்லை. அமெரிக்காவில் 60. அங்கு விற்கும் கேமராக்கள் சிலவற்றில் 50-க்கு மாற்றும் வசதி இருக்காது. நம் ஊர் டியூப்லைட்டுக்கு அடியில் எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடக்கூடும்.

கையில் 30,000 ரூபாய் இருந்தால் கேமராவுக்கு 24,000-க்கு மேல் போடாதீர்கள். மிச்சம் இரண்டாவது பேட்டரிக்கும், ஆடாத முக்காலிக்கும், நல்ல மெமரி கார்டுக்கும் வேண்டும். விநாடிக்கு 24 மெகாபிட் தரத்தில் மணிக்குச் சுமார் 11 ஜிபி ஆகும். 64 ஜிபி கார்டு ஐந்து மணி நேரத்துக்குத் தாராளம். கேசட் போடும் பழைய கேமரா சும்மா கிடைத்தாலும் வேண்டாம்.

வரும்போது கைபேசியில் நீங்கள் எடுத்த ஒரு விழா வீடியோவைக் கொண்டு வாருங்கள். அதில் எது குறைகிறது என்று சேர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் கண்ணாடி அலமாரியைத் திறக்கலாம்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்