மல்லிகாவுக்கு ஒரு நீண்ட பதில்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து ரொம்ப நாளாகிவிட்டது. நைட் டியூட்டி என்று காரணம் சொன்னால் நீ நம்பமாட்டாய், அதனால் சொல்லவில்லை. இங்கே எல்லோரும் நலம். பெரியவன் காலேஜ் சேர்ந்துவிட்டான். சின்னவள் உன்னைப் போலவே எதற்கெடுத்தாலும் எதிர்க்கேள்வி கேட்கிறாள், உன் பெயரைத்தான் வைத்திருக்க வேண்டும். சாந்தி அக்கா ரிட்டயர் ஆன பிறகும் பெட்ஷீட் மூலையை அதே கோணத்தில்தான் மடிக்கிறாராம், மருமகள் புலம்புகிறாள். நலம் விசாரிப்பு முடிந்தது.

இப்போது உன்னோடு சண்டை. "ஐசியு காப்பாற்றுகிற இடம், பாலியேட்டிவ் என்பது கைவிடுவது, இரண்டும் ஒரே வார்டில் எப்படியடி?" என்று, தீவிர சிகிச்சைப் பிரிவையும் வலி, திணறல் தணிக்கிற பராமரிப்பையும் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டாய். நீ பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுக்கிற ஆள். நீயே இப்படி நினைத்தால் உன் நர்ஸிங் மாணவிகள் எங்கள் ஐசியுவுக்குப் போஸ்டிங் வரும்போது என்ன நினைத்துக்கொண்டு வருவார்கள்? அப்போதே பதில் எழுதியிருந்தால் கோபம் மட்டும்தான் இருந்திருக்கும். போன வாரம் எங்கள் யூனிட்டில் ஒன்று நடந்தது. அதைச் சொல்கிறேன், அப்புறம் நீ பேசு.

ஒரு பெரியவர். அடையாளம் வேண்டாம். பல வருடமாக நுரையீரல் நோய், வீட்டிலேயே ஆக்சிஜன். நிமோனியாவோடு வந்தார், கிருமித் தொற்றால் பிபி விழுகிற செப்டிக் ஷாக், வென்டிலேட்டர், அப்புறம் சிறுநீரகமும் நின்று டயாலிசிஸ். காலை ரவுண்ட்ஸ் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும், ஒவ்வொரு டீமும் வந்து தன் உறுப்பைப் பார்த்துவிட்டுப் போகும். பொட்டாசியம் சரியாகிவிட்டது என்றார் கிட்னி டாக்டர். மெஷினில் கொடுக்க வேண்டிய ஆக்சிஜன் 70 சதவீதத்திலிருந்து 65க்கு இறங்கியிருக்கிறது என்றார் நுரையீரல் டாக்டர். எக்கோ பார்த்தவர் இதயம் நன்றாகவே துடிக்கிறது என்றார். எல்லாமே உண்மை. வெளியே நின்ற மகளிடமும் மூன்று பேரும் தனித்தனியாக மூன்று நல்ல செய்தி சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் கூட்டிப் பார்த்தால் என்ன வரும், அப்பா தேறிக்கொண்டிருக்கிறார் என்றுதானே?

கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களுக்குத் தெரிந்தது வேறு. மானிட்டரில் பிபி அழகாக 110. ஆனால் பிபியைத் தூக்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்து ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியிருந்தது, கூடவே அதே வேலைக்கு வாசோபிரெசினும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருபக்கம் திருப்பிப் படுக்கவைத்தால் அந்த 110உம் விழுந்துவிடும். சக்‌ஷன் போட்டுச் சளியை உறிஞ்சினால்கூட இருமல் இல்லை. உடம்புக்கு ரத்த ஓட்டம் போதவில்லை என்று காட்டுகிற லாக்டேட் இறங்க மறுக்கிறது. முழங்கால் இரண்டிலும் ஊதா நிறத்தில் திட்டுத்திட்டாக வந்து, தொடைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

நீ வகுப்பில் சாவின் அறிகுறி என்று எதையெல்லாம் சொல்வாய்? மூச்சு விட்டுவிட்டு வரும், தாடை அசைந்து மூச்சு இழுக்கும், தொண்டையில் கரகரக்கும், சிறுநீர் குறையும், பிபி இறங்கும், நினைவு மங்கும். சரி. இதில் எதை ஐசியுவில் உன்னால் பார்க்க முடியும்? மூச்சை வென்டிலேட்டர் விடுகிறது, நிமிடத்துக்கு இத்தனை என்று பிசகாமல். தொண்டையில் டியூப் இருக்கிறது. பிபியை மருந்து பிடித்துவைத்திருக்கிறது, சிறுநீரகத்தின் வேலையை டயாலிசிஸ் பார்க்கிறது. நினைவைப் பற்றிக் கேட்டால் மயக்கமருந்து ஓடுகிறது என்போம். வார்டில் சாவு தன்னைக் காட்டிக்கொள்கிற ஒவ்வொரு அடையாளத்தையும் எங்கள் மெஷின்கள் மூடிவிடுகின்றன. ஐசியுவில் ஒருவர் இறந்துகொண்டிருக்கிறார் என்று கண்டுபிடிப்பது தனியாகக் கற்க வேண்டிய வேலை, மல்லிகா. திரையில் வரும் எண்ணைப் பார்த்தால் போதாது, அந்த எண்ணை நிறுத்திவைக்க எவ்வளவு மருந்து செலவாகிறது, நேற்று எவ்வளவு, முந்தாநாள் எவ்வளவு என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

அந்த ஊதாத் திட்டைச் சாதாரணமாக நினைக்காதே. 2011ல் பாரிஸ் டாக்டர்கள் அதற்கு 0 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். முழங்காலிலிருந்து எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்று கண்ணால் பார்ப்பதுதான், வேறு ஒன்றும் இல்லை. செப்டிக் ஷாக்கில் அந்த எண் கூடக்கூட 14 நாளுக்குள் இறப்பவர்களும் கூடினார்கள். போர்வையை விலக்கிப் பார்க்கிற கைக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது.

எங்களிடம் புதிதாக ஒரு கன்சல்டன்ட் டாக்டர் வந்திருக்கிறார், சின்ன வயது. அவர் மூன்று டீமும் சொல்வதைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நீங்கள்தான் இவரோடு அதிக நேரம் இருக்கிறீர்கள், உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்றார். ரவுண்ட்ஸில், எல்லோர் முன்னாலும். "இவர் போய்க்கொண்டிருக்கிறார் டாக்டர்" என்றேன், ஏன் என்றும் சொன்னேன். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, அவரவர் உறுப்பைப் பற்றி மட்டும் கேட்டதால் அவரவர் உறுப்பைப் பற்றி மட்டும் சொன்னார்கள்.

நோயின் கடுமைக்கு ஸ்கோர் போட்டுப் பார்க்கக்கூடாதா என்று நீ கேட்பாய். APACHE என்று சொல்வோமே, அந்த அபாச்சி II 1985லிருந்து இருக்கிறது, சோஃபா ஸ்கோர் 1996லிருந்து. இந்த மாதிரி நூறு பேரில் எத்தனை பேர் பிழைப்பார்கள் என்று ஓரளவு சொல்லும். இந்தக் கட்டிலில் இருப்பவர் அந்த நூறில் எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதனால் நாள்கணக்கின் போக்கு, முன்பிருந்த உடல்நிலை, பக்கத்தில் இருப்பவர்களின் கண், எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்போதும் சில சமயம் தவறும். தவறலாம் என்பதற்காக யாருமே சொல்லாமல் இருந்தால் அந்தப் பெரியவருக்கு என்ன நடக்கும்? மணிக்கொரு தரம் விரல் நுனியில் ஊசி, தினமும் ரத்தம் எடுப்பு, அதிகாலையில் எக்ஸ்ரே, இதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவது. யாரும் முடிவெடுக்காவிட்டால் இவை எல்லாம் தானாக நடந்துகொண்டே இருக்கும்.

பிழைப்பாரா இல்லையா என்பதே தெரியாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. இத்தனை நாள் முழுமூச்சாகச் சிகிச்சை கொடுப்போம், இன்ன இன்ன மாற்றம் வருகிறதா பார்ப்போம், அந்த நாளில் மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம் என்று குடும்பத்திடம் முதலிலேயே சொல்லிவிடுவது. நம் காலத்தில் இதை யாராவது சொல்லிக்கொடுத்தார்களா? "டாக்டரைக் கேளுங்கள்" என்று சொல்ல மட்டும்தான் நமக்குத் தெரியும்.

சரி, மகளிடம் பேசியதைச் சொல்கிறேன். தனி அறை, எல்லோரும் உட்கார்ந்து, போன்களை அணைத்துவிட்டு. டாக்டர் முதலில் கேட்டது, "அப்பாவைப் பற்றி இதுவரை உங்களிடம் என்ன சொல்லியிருக்கிறார்கள்?" அடுத்தது, "அப்பா எப்படிப்பட்டவர்?" அவள் பேசினாள், பேசிக்கொண்டே இருந்தாள், அவர் குறுக்கிடவே இல்லை. யாரையும் சார்ந்து இருக்கப் பிடிக்காத மனிதர், போன தடவை டியூப் எடுத்ததும் இனிமேல் இது வேண்டாம் என்று எழுதியே காட்டியிருக்கிறார். அது எங்கள் கேஸ் ஷீட்டில் எங்கேயும் இல்லை. அதன் பிறகுதான் டாக்டர், "எங்களால் முடிந்ததெல்லாம் செய்கிறோம், அதையும் மீறி அப்பா இறந்துகொண்டிருக்கிறார் என்று நினைக்கிறோம்" என்றார். சுற்றி வளைக்கவில்லை. சொல்லிவிட்டு மௌனமாக இருந்தார். அந்த மௌனம் நீளமாக இருந்தது.

2007ல் ஃபிரான்ஸில் 22 ஐசியுக்களில் செய்த ஆய்வு ஒன்று இருக்கிறது, உன் வகுப்பில் கட்டாயம் சொல். இறக்கப்போகிறவர்களின் குடும்பத்தோடு ஒழுங்காக உட்கார்ந்து பேசி, ஒரு சிறு கையேடும் கொடுத்தார்கள். பேச்சு 20 நிமிடத்திலிருந்து 30 நிமிடம் ஆனது, குடும்பம் பேசிய நேரம் மட்டும் 5 நிமிடத்திலிருந்து 14. 90 நாள் கழித்துக் கேட்டபோது அந்தக் குடும்பங்களில் மனஉளைச்சலும் பதற்றமும் சோர்வும் குறைவு. மருந்து எதுவும் இல்லை, கூடுதலாகப் பத்து நிமிடமும் வாயை மூடிக்கொண்டு கேட்கிற ஒரு டாக்டரும்.

இப்போது உன் "கைவிடுவது". மெஷின்களை விலக்கி நிம்மதியாகப் போகவிடலாம் என்று மகளோடு சேர்ந்து முடிவெடுத்த பிறகு அன்றைக்கு எனக்கு வேலை குறைந்தது என்று நினைக்கிறாயா? வழக்கத்தைவிட அதிகம். விரல் ஊசியை, ரத்தப் பரிசோதனையை, டயாலிசிஸை நிறுத்தினோம். டிரிப்பைக் குறைத்தோம், இல்லாவிட்டால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்ளும். தசைத் தளர்த்தி மருந்து உடம்பில் மிச்சம் இல்லை என்று உறுதிசெய்தோம், அது இருந்தால் மூச்சுத் திணறினாலும் முகத்தில்கூடத் தெரியாது, அதைவிடக் கொடுமை இல்லை. வென்டிலேட்டரைக் குறைக்கும் முன்பே திணறலுக்கு மார்ஃபினும் பதற்றத்துக்கு மிடாசோலமும் தொடங்கியாகிவிட்டது. திணறிய பிறகு ஓடிப்போய் ஊசி எடுத்தால் அது தாமதம். நெற்றிச் சுருக்கம், மூக்கு விடைப்பது, மூச்சின் வேகம், தோள் தூக்கல், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே டோஸைக் கூட்டுவது, குறைப்பது. எச்சில் கரகரப்புக்குக் கிளைகோபைரோலேட். வாய் துடைத்தோம், உதட்டை ஈரமாக்கினோம், அலாரத்தை நிறுத்தினோம், கட்டில் கம்பியை இறக்கி மகள் பக்கத்தில் உட்கார வழி செய்தோம். "கேட்குமா?" என்று கேட்டாள். பேசுங்கள் என்றேன். நினைவில்லாமல் இறந்துகொண்டிருந்தவர்களில் சிலருடைய மூளை ஒலிக்குப் பதில் கொடுத்ததை 2020ல் கனடாவில் பதிவு செய்திருக்கிறார்கள், எனவே மனசறிந்துதான் சொன்னேன்.

மார்ஃபின் கொடுத்தால் சாவு சீக்கிரம் வந்துவிடும் என்று உனக்கு அந்தக் காலத்திலிருந்தே பயம். நீயும் பெரிய சிஸ்டரும் மருந்து அலமாரிச் சாவிக்காகப் போட்ட சண்டை எனக்கு மறக்காது. திணறலுக்கும் வலிக்கும் ஏற்பப் பார்த்துப் பார்த்துக் கூட்டும்போது, அதிக டோஸ் வாங்கியவர்கள் சீக்கிரம் இறந்ததாக வென்டிலேட்டர் எடுக்கிற ஆய்வுகளில் காணவில்லை. கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1995ல் அமெரிக்காவில் 9,000க்கு மேற்பட்ட கடும் நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், மருத்துவமனையில் நினைவோடு இருந்து இறந்தவர்களில் பாதிப் பேருக்கு, கடைசி நாட்களில் பாதி நேரமாவது மிதமான அல்லது கடுமையான வலி இருந்தது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். அதைப் படித்துவிட்டு எப்படியடி மருந்தைப் பூட்டி வைப்பாய்?

நீ திருப்பி லிவர்பூல் விஷயத்தைத் தூக்கிக்கொண்டு வருவாய், தெரியும். நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் இறக்கிறவர்களைக் கவனிக்க 'லிவர்பூல் கேர் பாத்வே' என்ற அந்த வழிமுறை நல்ல எண்ணத்தோடுதான் வந்தது. பல இடங்களில் வெறும் டிக் அடிக்கிற படிவமாகிவிட்டது, குடும்பத்திடம் பேசாமலேயே ஆரம்பித்தார்கள் என்ற புகார்கள் வந்தன. 2013ல் விசாரணைக் குழு குறைகளைச் சொன்னது, 2014ல் கைவிட்டார்கள். எனக்கு அதில் தெரிவது இதுதான்: இறக்கிறார் என்று ஒருமுறை எழுதிவிட்டு மறந்துபோகக்கூடாது, தினமும் புதிதாகப் பார்க்க வேண்டும், யாராவது தேறினால் பாதை மாற வேண்டும். அந்தப் பேச்சும் கவனிப்பும் இல்லாத படிவம் ஆபத்து, அதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

இன்னொன்று. பாலியேட்டிவ் டீமைக் கடைசி நாளில் கூப்பிடுவதே தப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பிழைக்கப் போகிறவருக்கும் தாகம், பயம், வலி, தூக்கமின்மை உண்டு. அவர் வீட்டாருக்கும் யாராவது உட்கார்ந்து பேச வேண்டும். ஐசியு விஷயம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: 2010ல் முற்றிய நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு ஆரம்பத்திலேயே சிகிச்சையோடு பாலியேட்டிவும் சேர்த்துக் கொடுத்தபோது மற்றவர்களைவிட அதிக நாள் வாழ்ந்தார்கள். 11.6 மாதம், மற்றவர்கள் 8.9. கைவிட்டவர்கள் எப்படியம்மா கூடுதலாக வாழ்வார்கள்?

1967ல் லண்டனில், இறுதிக்காலத்தில் இருப்பவர்களைக் கவனிக்கிற முதல் நவீன ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர், அப்புறம்தான் டாக்டர் ஆனார். உடம்பு, மனசு, உறவு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்ததுதான் வலி என்று அவர் சொன்னது கட்டிலருகே நின்ற ஆள் சொல்கிற பேச்சு. உன் மாணவிகளுக்கு அவரைப் பரீட்சைக் கேள்வியாக மட்டும் காட்டாதே.

ஒரு வேலை கொடுக்கிறேன், செய்வாயா? அடுத்த பேட்ச் ஐசியு போஸ்டிங் போகும்போது, ஆளுக்கு ஒரு நோயாளியின் மருந்து சார்ட்டை மூன்று நாள் பின்னோக்கிப் படிக்கச் சொல். போர்வையை விலக்கி முழங்காலைப் பார்க்கச் சொல். குடும்பத்துக்கு யார் யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று கேட்டு எழுதச் சொல். கடைசியில், "இவர் எங்கே போய்க்கொண்டிருக்கிறார் என்று உனக்குத் தோன்றுகிறது, ஏன்?" என்று ஒரு பக்கம். அவர்கள் எழுதுவதை எனக்கு அனுப்பு, எங்கள் கன்சல்டன்டும் படிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். என்னைத் திட்டி எழுதுவதானாலும் முழுக்கடிதமாக எழுது, வாட்ஸாப்பில் ஒற்றைக் கட்டைவிரலை அனுப்பித் தப்பிக்காதே.

அன்புடன்,
வசந்தா