சந்தையில் சொல்லக் கூடாத சொல்

அன்புள்ள தம்பிக்கு,

பெயரையும் ஊரையும் விட்டுவிட்டால் பொதுவில் எழுதிக்கொள்ளலாம் என்று நீயே சொன்னதால், இதைத் தனியாக உனக்கு அனுப்பாமல் இங்கே எழுதுகிறேன். பூ விவசாயிகளுக்காக நீ செய்யும் செயலியின் பெயரையும் எழுதவில்லை. அதை நீ எப்படியும் மாற்றப்போகிறாய் என்ற நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம்.

சென்ற மாதம் பெங்களூர் எச்.எஸ்.ஆர். லேஅவுட்டின் ஒரு மூன்றாம் மாடிக் கூடத்தில், ஸ்டார்ட்அப் தொடங்கியவர்களும் தொடங்கப்போகிறவர்களும் கூடிய சனிக்கிழமைச் சந்திப்பில், நீ ஐந்து நிமிடம் பேசினாய். பூ விவசாயிக்கும் மண்டிக்காரருக்கும் இடையே வெளிப்படைத்தன்மையைக் கொண்டுவரும் தளம் என்று இரண்டாவது ஸ்லைடில் போட்டிருந்தாய். அந்த ஸ்லைடுக்குத்தான் கை தட்டினார்கள். கீழே இறங்கித் தேநீர் குடிக்கும்போது, 11 பேர் உன் விசிட்டிங் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னாய். அந்தப் 11 பேரில் பூ விற்கிறவர் ஒருவரும் இல்லை, பூப் பயிரிடுகிறவரும் இல்லை என்பதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் கழித்து, விடிவதற்கு முன் உன்னோடு கே.ஆர். மார்க்கெட் பூச்சந்தைக்கு வந்தபோதுதான் எனக்கே அது உறைத்தது.

மணி நாலரை இருக்கும். ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் ராயக்கோட்டைப் பக்கத்திலிருந்தும் வந்த டெம்போக்கள் மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்தன. கால் வைத்த இடமெல்லாம் நசுங்கிய சேவந்தி இதழும் சேறும். உன் அப்பா இருபது வருடமாகப் பூ அனுப்பும் மண்டிக்காரர் ஒரு கையில் நோட்டும் மறு கையில் போனுமாக நின்றார். நாம் அங்கே நின்ற முக்கால் மணி நேரத்தில் பூ அனுப்பிய விவசாயிகள் கூப்பிட்டு அந்தப் போன் 17 முறை அடித்தது. எனக்கு வேறு வேலை இல்லாததால் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவர் சொன்ன பதில் ஏறக்குறைய ஒன்றுதான்: "இன்னும் போடலப்பா, ஆறு மணிக்குக் கூப்பிடு." இரண்டு அழைப்புகளுக்கு நடுவே கிடைத்த இடைவெளியில் நீ உன் போனை நீட்டி, "எடை போட்டதுமே விவசாயிக்கு மெசேஜ் போயிடும் அண்ணா, எல்லாமே டிரான்ஸ்பரன்ட்டா இருக்கும்" என்றாய்.

அவர் உன்னை ஒரு கணம் பார்த்தார். "அப்ப இத்தனை வருஷமா நான் திருட்டுக் கணக்கு எழுதினேனா? உங்கப்பாவைக் கேட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு அடுத்த மூட்டையின் கட்டை அவிழ்க்கப் போய்விட்டார்.

ஓசூர் சாலையில் திரும்பி வரும்போது, பழைய ஆட்கள் மாற்றத்தை விரும்புவதில்லை என்று நீ சொன்னாய். நான் அப்படி நினைக்கவில்லை. எச்.எஸ்.ஆரில் கைதட்டல் வாங்கிக் கொடுத்த அதே சொல், பத்துக் கிலோமீட்டர் தள்ளி, ஒரு மனிதரை அவருடைய கடையிலேயே, கூலியாட்கள் முன்னிலையில், திருடன் என்று சொல்வதாக ஆகிவிட்டது. வெளிப்படைத்தன்மை வேண்டும் என்று ஒருவர் கேட்டால், இதுவரை ஏதோ மறைக்கப்பட்டிருக்கிறது என்பது அதில் அடக்கம். முதலீட்டாளர்களின் காதில் அது வாய்ப்பாக விழுகிறது, மண்டிக்காரரின் காதில் வசையாக விழுகிறது.

இடைத்தரகரை ஒழிப்போம் என்ற பேச்சும் அப்படித்தான். கூடத்தில் நன்றாக எடுபடும். ஆனால் உன் அப்பா ஏன் இருபது வருடம் ஒரே மண்டிக்குப் பூ அனுப்பினார் என்பது என்னைவிட உனக்குத் தெரியும். நாற்று வாங்கவும், சொட்டுநீர்க் குழாய் போடவும், உன் கூடப்பிறந்த அக்காவின் திருமணத்துக்கும் முன்பணம் கொடுத்தவர் அந்த மண்டிக்காரர். எந்த வங்கியும் அந்த வேகத்தில், எந்தத் தாளும் கேட்காமல் கொடுத்திருக்காது. அந்த முன்பணம்தான் விவசாயியை அவரிடம் கட்டிப்போடுகிறது என்பதும் உண்மை. ஆனால் அதைத் தீர்க்க உன்னிடம் பணமும் இல்லை, உன் செயலியில் வழியும் இல்லை. தீர்க்கப்போவதாக ஒலிக்கிற ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு சந்தைக்குள் போனோம்.

உன்னிடம் இருப்பது சிறிய பொருள், நல்ல பொருள். எடை, விலை, சுமைகூலி, கமிஷன், முன்பணத்தில் கழித்தது என்று மண்டியில் எழுதும் சீட்டு, மாலையில் டெம்போக்காரரின் சட்டைப் பையில் கசங்கி ஊர் வந்து சேர்வதற்குப் பதிலாக, விற்ற அரை மணி நேரத்தில் விவசாயியின் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இதை வாங்க வேண்டியவர்கள் இரண்டு பேர், இருவருக்கும் சொல்ல வேண்டிய வாக்கியம் வேறு வேறு. விவசாயியிடம், "சீட்டு காலையிலேயே கைக்கு வந்துவிடும்" என்று சொல். மண்டிக்காரரிடம், "போன் அடிப்பது நின்றுவிடும்" என்று சொல். அந்த 17 அழைப்புகளும் நம் கண்ணெதிரே அவரைத் தின்றுகொண்டிருந்தன. நாமோ அவருக்கு நேர்மையை விற்கப் பார்த்தோம்.

இந்த ஊரிலேயே இதற்கு முன்னுதாரணம் இருக்கிறது. 2005 தீபாவளிக்கு ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் பெங்களூரிலேயே தங்கிவிட்ட பணீந்திர சாமா, நண்பர்களோடு சேர்ந்து 2006இல் ரெட்பஸ்ஸைத் தொடங்கினார். முதலில் பஸ் முதலாளிகள் தங்கள் இருக்கைகளை நிர்வகிப்பதற்கான மென்பொருளாகத்தான் அதைக் கொண்டுபோனார்கள். பெரிதாக யாரும் அக்கறை காட்டவில்லை. சில இருக்கைகளை எங்களிடம் கொடுங்கள், விற்றுத் தருகிறோம் என்று போனபோதுதான் வழி திறந்தது. காலியாகப் போகும் சீட் பஸ் முதலாளிக்கு ஒவ்வொரு இரவும் கண்ணில் படும் நட்டம், அதனால் அந்தப் பேச்சு அவருக்குப் புரிந்தது.

இனி பெயர் விஷயம். மூன்று மாதமாக நீ இதிலேயே உழல்கிறாய் என்பதால் கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன். பங்குச்சந்தையில் வாங்கி விற்க உதவும் ஜெரோதா நிறுவனத்தின் பெயரை எடுத்துக்கொள். ஜீரோ என்ற ஆங்கிலச் சொல்லையும் தடை என்று பொருள்படும் ரோதா என்ற சமஸ்கிருதச் சொல்லையும் ஒட்டி, 2010இல் இதே பெங்களூரில் வைத்த பெயர் அது. அதில் கணக்குத் திறந்த என் அலுவலக நண்பர்களில் ஒருவருக்குக்கூட அந்த விளக்கம் தெரியாது. "எவ்வளவுக்கு வாங்கி விற்றாலும் ஒரு ஆர்டருக்கு 20 ரூபாய்தான்" என்ற வாக்கியம்தான் வாய்வழியாகப் பரவியது. பெயர் அதன் முதுகில் ஏறிப் போனது. இன்னொரு பக்கம் 2022இல் வந்த நம்ம யாத்ரி என்ற ஆட்டோ செயலி. 2011இல் நம்ம மெட்ரோ ஓடத் தொடங்கியதிலிருந்தே இந்த ஊர்க்காரர்கள் "நம்ம" என்ற சொல்லை அரசுப் பலகைகளிலும் பார்த்துப் பழகியிருந்தார்கள். அந்தப் பழக்கத்தின் மீது ஏறி உட்கார்ந்த பெயர் அது. அங்கேயும் ஆட்டோக்காரரை இழுத்தது பெயரல்ல, சவாரிக்குச் சவாரி கமிஷன் பிடிக்க மாட்டார்கள் என்ற ஒற்றை வாக்கியம்.

பெயரைப் பிறகு மாற்றினால் எல்லாம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். 1996இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய மென்பொருள் நிறுவனம் 2009இல் ஜோஹோ ஆனது. 2010இல் சென்னையில் ஃப்ரெஷ்டெஸ்க் என்று தொடங்கியது 2017இல் ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகி, 2021இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தை வரை போனது.

பேசாமல் "சீட்டு" என்றே வைத்துவிடலாமா என்று அன்று காரில் கேட்டாய். விவசாயியின் வாயில் இருக்கும் சொல் என்பதால் எனக்கும் ஆசைதான். ஆனால் இரண்டு தொல்லைகள் உண்டு. முதலாவது, தமிழில் சீட்டு என்றால் பாதிப் பேருக்கு ஏலச்சீட்டும், அதைப் பிடித்து ஓடிப்போன ஆளும்தான் ஞாபகத்துக்கு வருவார்கள். கன்னடத்தில் சீட்டி என்றாலும் அதே கதை. இரண்டாவது, 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டத்தில் 9ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. பொருளின் தன்மையை அப்படியே சொல்லும் பெயரைப் பொதுவாகப் பதிவு செய்து தர மாட்டார்கள். முன்னால் வேறு ஒரு சொல்லைச் சேர்த்துப் பார். இணையவழியில் விண்ணப்பித்தால் ஸ்டார்ட்அப்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் ஒரு வகுப்புக்கு (பொருள் அல்லது சேவை வகைக்கு) 4,500 ரூபாய், மற்ற நிறுவனங்களுக்கு 9,000. கிடைத்தால் பத்து வருடத்துக்குச் செல்லும். ஆனால் பத்து விவசாயிகளாவது அந்தப் பெயரைத் தாமாகச் சொல்லிக் கேட்ட பிறகு அந்தப் பணத்தைக் கட்டு.

பெயரைப் பற்றி இவ்வளவு பேசுவதற்கு எனக்கு ஒரு வயிற்றெரிச்சலும் உண்டு. 2009இல் நான் வேலை பார்த்த ஒரு சிறு நிறுவனம், பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பும் மென்பொருளைச் செய்தது. அதற்கு "ஒருங்கிணைந்த வளாகத் தொடர்புத் தீர்வு" என்ற பொருள் வரும் ஆங்கிலப் பெயரைச் சூட்டி, வழவழப்பான தாளில் 3,000 பிரசுரங்கள் அடித்தோம். அந்த வாசகத்தை எழுதியவள் நான்தான். ஜெயநகரில் ஒரு தலைமையாசிரியை அதைக் கையில் வாங்கி, இரு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆப்சென்ட் மெசேஜா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானோ, "அதற்கும் மேல், மேடம்" என்று தொடங்கி இருபது நிமிடம் விளக்கினேன். ஒரு வருடத்தில் நான்கு பள்ளிகள் வாங்கின. மிச்சப் பிரசுரங்கள் என் அம்மாவின் சமையலறை அலமாரியில் வெகுநாள் விரிப்பாகக் கிடந்தன.

யோசனையை யாராவது திருடிவிடுவார்களோ என்ற கவலைக்கு ஒரு பத்தி போதும். என்னிடம் பேசும் முன்பே ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துக் கேட்டாய். போட்டேன், நீ தம்பி என்பதால். முதலீட்டாளர்கள் பெரும்பாலும் போட மாட்டார்கள். வெறும் யோசனைக்கு இந்தியச் சட்டத்தில் காப்புரிமை கிடையாது, 1970ஆம் ஆண்டின் சட்டத்தில் 3(கே) பிரிவு கணினி நிரலை நிரலாக மட்டும் கொண்டுவந்தால் வெளியே நிறுத்திவிடும். நீ எழுதிய நிரல்வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டு. கே.ஆர். மார்க்கெட்டில் நாலரை மணிக்குப் போய் நிற்பதை எவரும் உன்னிடமிருந்து திருடப்போவதில்லை, அதைச் செய்ய ஆசைப்படுகிறவர்களும் எச்.எஸ்.ஆரில் அதிகம் இல்லை.

சனிக்கிழமைச் சந்திப்புக்குப் போகாதே என்று சொல்ல வரவில்லை. இன்னொரு புரோகிராமரைத் தேடவும், வாட்ஸ்அப் பிசினஸ் செய்திகளுக்கு மெட்டா பிடிக்கும் கட்டணத்தை எப்படிக் குறைப்பது என்று கேட்கவும் அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அங்கே பொருள் விற்காது. அங்கிருக்கும் எல்லாரும் உன்னைப் போலவே தங்கள் யோசனையை விற்க வந்தவர்கள்.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீரிய மக்காச்சோள விதை எப்படிப் பரவியது என்று ரயன், கிராஸ் என்ற இரு சமூகவியலாளர்கள் 259 விவசாயிகளிடம் விசாரித்து 1943இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இருவரைத் தவிர அனைவரும் 1941க்குள் அந்த விதைக்கு மாறியிருந்தார்கள். விதையைப் பற்றி ஏறக்குறையப் பாதிப் பேர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளர்களிடம். அதிகம் பேர் நம்பி விதைத்ததோ பக்கத்துத் தோட்டக்காரர் சொன்ன பிறகு, அதுவும் முதலில் நிலத்தின் ஒரு துண்டில் மட்டும். இதைப் படித்தபோது, ஆறு மாவட்டங்களில் ஒரே நேரத்தில் அறிமுகம் என்ற உன் திட்டம்தான் நினைவுக்கு வந்தது. அதைக் கைவிடு. ஒரே மண்டிக்குப் பூ அனுப்பும் ஒரே ஊர்க்காரர்கள் பத்துப் பேரைப் பிடி; காலை ஏழு மணிக்குத் தேநீர்க் கடையில் பத்துப் போன்களும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது, ஒருவருக்கு வந்த செய்தி இன்னொருவருக்கு வரவில்லை என்றால் அவரே கேட்பார். சேவந்திக்கு மட்டும் ஒரு மாதம் பார்க்கட்டும், மல்லிகைக்குப் பழைய சீட்டே இருக்கட்டும். அவர்களிடம் காசு கேட்காதே. போன் நின்ற நிம்மதி மண்டிக்காரருடையது, மாதக் கட்டணத்தை அவர்தான் கொடுக்க வேண்டும்.

வரமகாலட்சுமி விரதத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அந்த வாரம் விலை நாளுக்கு நாள் ஏறும், அவருடைய போனும் ஓயாது. அதற்கு முன் ஒரு நாள், சந்தை அடங்கிய பிறகு, பதினோரு மணி வாக்கில், உன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு அவரிடம் போ. போனை நீட்டாதே. அப்பா தகரப் பெட்டியில் சேர்த்து வைத்திருக்கும் பழைய சீட்டுகளைக் கொண்டுபோய், ஒரு சீட்டு எழுத எவ்வளவு நேரம் ஆகிறது, எந்தக் கேள்விக்காக அதிகம் கூப்பிடுகிறார்கள் என்று மட்டும் கேள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எழுதி எனக்கு அனுப்பு. இரண்டாவது ஸ்லைடில் என்ன போடுவது என்று அதற்குப் பிறகு பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் என் வீட்டுக்கு வந்தால் சாப்பாடும் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா