கொலைக் காணொலிகளும் கடத்தல் வதந்திகளும்: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு, வணக்கம்.

சில நாட்களாக 6, 7ஆம் வகுப்புப் பெற்றோர் குழுக்களில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. "நேத்து சாயந்திரம் நாலு மணிக்கு, நம்ம ஏரியா ஸ்கூல் வாசல்ல, வெள்ளை வேன்ல வந்து ஒரு புள்ளைய தூக்கிட்டாங்க" என்று ஒரு பெண் குரல் பதறுகிறது. அதைக் கேட்டுச் சில வீடுகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காவல் நிலையத்தில் விசாரித்தோம். அப்படி ஒரு புகார் வரவே இல்லை.

அந்தப் பதிவை இன்னொரு முறை கேளுங்கள். தேதி கிடையாது, தெருப் பெயர் கிடையாது, பள்ளியின் பெயரும் கிடையாது. "நேத்து" என்று சொல்லிவிட்டதால் ஆறு மாதம் கழித்து வந்தாலும் நேற்று நடந்தது போலவே இருக்கும். "நம்ம ஏரியா"வும் அப்படித்தான். கொருக்குப்பேட்டையில் கேட்டால் கொருக்குப்பேட்டை, எண்ணூரில் கேட்டால் எண்ணூர்.

இதைச் சின்ன விஷயமாக விட முடியாது. 2018 மே மாதம் இதே மாதிரிக் கடத்தல் வதந்தி தமிழ்நாட்டில் உயிர்களைக் குடித்தது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோயிலுக்குக் காரில் போன ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் வழி கேட்க நின்றது. காரில் இருந்த வயதான அம்மா அங்கே இருந்த பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்க வந்தவர்கள் என்று கூட்டம் கூடி அடித்ததில் அந்த அம்மா இறந்துபோனார். அதே நாட்களில் நமக்கு வடக்கே பழவேற்காட்டில், மனநலம் குன்றிய ஒருவரைப் பிள்ளை பிடிப்பவர் என்று அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அப்போது இந்தியா முழுவதும் ஒரு காணொலி சுற்றியது. பைக்கில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வார்கள். உண்மையில் அது கராச்சியில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுத்த படம். குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு அவர்கள் அட்டை காட்டும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். வெட்டியது சில நொடிகள்தான். அந்தச் சாவுகளுக்குப் பிறகு, 2018 ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது.

ஆகவே இப்படி ஏதாவது வந்தால் முதலில் அதன் மேல் இரட்டை அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது கைமாறிக் கைமாறி வந்தது. உங்களுக்கு அனுப்பியவருக்கும் எதுவும் தெரியாது. காணொலி என்றால் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி எண் எந்த மாநிலம், பின்னால் கேட்கும் பேச்சு நம் ஊர்ப் பேச்சா என்று கவனியுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் பள்ளி அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள், அல்லது 112. குழுவில் போட்டு "இது உண்மையா?" என்று கேட்காதீர்கள். கேள்வியாகப் போட்டாலும் பரவுவது அதே பதிவுதான்.

அடுத்து, உங்கள் போன். நம் பிள்ளைகள் பலருடைய வீட்டில் போன் ஒன்றுதான். அப்பா துறைமுகத்திலிருந்தோ ஆட்டோ ஓட்டிவிட்டோ வந்த பிறகு அதே போனில்தான் பிள்ளை வீட்டுப்பாடம் பார்க்கிறது. பகலில் குழுவில் வந்த வெட்டுக்குத்துக் காணொலி தானாகவே இறங்கி கேலரியில் கிடக்கிறது. கணக்குப் பாடத்தின் படத்தைத் தேடும் குழந்தைக்கு முதலில் கண்ணில் படுவது அதுதான். இதை நிறுத்த இரண்டு இடங்களில் மாற்றம் செய்ய வேண்டும். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா'வுக்குள் தானாக இறங்குவதற்கான பகுதி இருக்கிறது. அங்கே மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் என்று மூன்று வரிகள் இருக்கும். மூன்றிலும் வீடியோ, படம் இரண்டுக்கும் உள்ள டிக்கை எடுங்கள். பெரும்பாலோர் மொபைல் டேட்டாவில் மட்டும் எடுத்துவிட்டு விடுகிறார்கள். வைஃபை கிடைத்த இடத்தில் எல்லாம் இறங்கிவிடும். பிறகு 'சாட்ஸ்' பகுதியில் 'மீடியா விசிபிலிட்டி'யை அணையுங்கள். இனி வருவது கேலரியில் தெரியாது. ஏற்கெனவே கிடப்பதை நீங்கள்தான் அழிக்க வேண்டும்.

யூடியூபில் வரும் உண்மைக் குற்றக் கதைகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றை நீங்கள் பார்க்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. நன்றாக ஆராய்ந்து பொறுப்போடு பேசுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சமைக்கும்போது மேடையில் போனைச் சாய்த்து வைத்து ஒரு கொலை வழக்கை ஓடவிடுகிறீர்கள்; பக்கத்தில் பிள்ளை எழுதிக்கொண்டிருக்கிறது. திரையைப் பார்க்கவில்லையே என்று நினைக்கிறோம். காதில் விழுந்த பாதிக் கதையை மீதி கற்பனையால் நிரப்பிக்கொள்வது சிறு குழந்தையின் இயல்பு, அந்தக் கற்பனை நடந்ததைவிடக் கொடூரமாக இருக்கும். ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பிள்ளை தூங்கிய பிறகு பாருங்கள். ஆட்டோபிளேயை அணைத்து வையுங்கள். பிள்ளை கையில் போன் போகும் முன் பார்த்தவற்றின் பட்டியலையும் அழித்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்த்ததை வைத்தே அடுத்தடுத்த காணொலி பிள்ளைக்கு வரும்.

செய்தித் தொலைக்காட்சிக்கும் இது பொருந்தும். ஒரே கண்காணிப்பு கேமரா காட்சியை நாள் முழுக்கச் சுழற்றுகிறார்கள். ஒரு முறை நடந்ததைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள் என்று நமக்குத் தெரியும். யு.கே.ஜி., 1, 2ஆம் வகுப்புக் குழந்தைக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் வேறொருவர் வெட்டுப்படுகிறார் என்றே அது எடுத்துக்கொள்ளும். பயந்த குழந்தை "பயமாக இருக்கிறது" என்று பெரும்பாலும் சொல்வதில்லை. காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் வயிறு வலிக்கிறது என்கிறது, கழிவறைக்குத் தனியாகப் போக மறுக்கிறது, நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வருகிறது. அடிக்காதீர்கள், கேலி செய்யாதீர்கள். என்ன கேள்விப்பட்டாய் என்று முதலில் கேளுங்கள், கேட்ட அளவுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் அழைத்துப் போகலாம், 14416 என்ற மனநல உதவி எண்ணில் இலவசமாகவும் பேசலாம்.

இனி சொல்லப் போவதுதான் இந்தக் கடிதத்தை நான் எழுத உட்கார்ந்ததற்கே காரணம். வெள்ளை வேனுக்குப் பயந்து பயந்து, ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே நாம் பார்ப்பதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் பதிவாகும் பாலியல் வன்கொடுமை வழக்குகளில் 100க்கு 90க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். உறவினர், அக்கம்பக்கத்தார், கற்றுக்கொடுப்பவர், வேலைக்கு வந்து போகிறவர். 2018இல் அயனாவரத்தில் வெளிப்பட்ட, ஒரு சிறுமி மீதான பாலியல் வன்கொடுமை வழக்கை மறந்திருக்க மாட்டீர்கள். வேலி போட்ட அடுக்குமாடிக் குடியிருப்பு, வாசலில் காவலாளி. பல மாதங்கள் நடந்த அந்தக் கொடுமையில் கைதான 17 பேரில் காவலாளிகளும் லிஃப்ட் இயக்குபவர்களும் உண்டு.

"தெரியாதவங்ககிட்ட பேசாதே" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதாது. "யாராக இருந்தாலும், மாமாவோ தாத்தாவோ சாரோ, உனக்குப் பிடிக்காத மாதிரி தொட்டால், இதை அம்மாவிடம் சொல்லாதே என்றால், அன்றைக்கே வந்து சொல். நான் திட்ட மாட்டேன்" என்று சொல்லிக்கொடுங்கள். கடைசி வாக்கியம் முக்கியம். திட்டு விழும் என்ற பயத்தில்தான் பிள்ளைகள் மாதக்கணக்கில் வாய் திறப்பதில்லை. ஆண் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்ல வேண்டும். போக்சோ சட்டம் ஆண், பெண் என்று பிரிப்பதில்லை.

பிள்ளை அப்படி வந்து சொன்னால், "நீ சொன்னது நல்லது, உன் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லுங்கள். பிள்ளை சொன்னதை அதன் வார்த்தையிலேயே, தேதி, நேரம் போட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள். அத்தோடு நிறுத்துங்கள். பாட்டி ஒரு முறை, சித்தப்பா ஒரு முறை என்று ஆளாளுக்கு விசாரித்தால் பிள்ளை மேலும் உடையும். சொல்வது ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொண்டு "சொல்லிக்கொடுத்துப் பேசுகிறது" என்பார். இப்போதுதான் நடந்தது என்றால் பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போடுங்கள்; பிளாஸ்டிக் கவரில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடித்துத் தடயம் கெட்டுவிடும். சம்பந்தப்பட்ட ஆளைத் தேடிப் போய் அடிக்காதீர்கள். அவன் தலைமறைவாவான், வழக்கு உங்கள் மேல் வரும். கட்டப்பஞ்சாயத்துக்கும் போகாதீர்கள், யார் பேசி முடித்தாலும் இந்தக் குற்றம் சமரசமாகாது.

குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடுங்கள், இரவு பகல் எந்நேரமும் இலவசம். அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போங்கள். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ, கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் பதிய வேண்டும். பிள்ளையை இரவில் நிலையத்தில் வைக்கக் கூடாது. பெண் குழந்தையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். இவை சலுகைகள் அல்ல, சட்டம். "சார், வெளியே தெரிய வேண்டாம், கேஸ் வேண்டாம்" என்று என்னிடம் கேட்காதீர்கள். தெரிந்தும் மறைத்தால் எனக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு; செய்தவர் என் கீழ் வேலை செய்பவர் என்றால் ஓராண்டு வரை. அந்தச் சட்டம் இல்லாவிட்டாலும் நான் மறைக்க மாட்டேன்.

பிள்ளையைக் காணவில்லை என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காணாமல் போன குழந்தை பற்றிய புகாரை உடனே எஃப்.ஐ.ஆர். ஆகப் பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013இல் உத்தரவிட்டிருக்கிறது. புகார் வாங்கியதற்கு மட்டும் கொடுக்கும் சி.எஸ்.ஆர். ரசீதை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். அண்மைப் புகைப்படம், அன்று போட்டிருந்த உடை, கடைசியாகப் பார்த்த இடமும் நேரமும் எழுதிக் கொண்டுபோங்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறோம், 139க்கும் சொல்லிவிடுங்கள். வழியில் உள்ள கடைகளின் கேமராப் பதிவு சில நாட்களில் தானாக அழிந்துவிடும் என்பதால், எந்தெந்தக் கடையில் கேமரா இருக்கிறது என்று அன்றே காவலரிடம் காட்டுங்கள். படத்தோடு உங்கள் சொந்த எண்ணைப் போட்டுப் பரப்பினால் பணம் கேட்டு மோசடி அழைப்புகள் வரும். பிள்ளை கிடைத்த பிறகும் அந்தப் படம் வருடக்கணக்கில் சுற்றும்.

பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், படம், வீடு, பள்ளி எதையும் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள். "நீதி வேண்டும்" என்று நல்ல மனதோடு வைத்தாலும் குற்றம்தான். போக்சோ 23ஆவது பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 18 வயதுக்குட்பட்டவருடைய அடையாளத்தையும் இளைஞர் நீதிச் சட்டம் காக்கிறது.

"இவன்தான் செஞ்சான்" என்று பெரியவர் ஒருவரின் படத்தைப் போடுவதிலும் நிதானம் வேண்டும். அயனாவரம் வழக்கில் 2020 பிப்ரவரியில் 15 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது, ஒருவர் விடுவிக்கப்பட்டார். நம் பகுதிக்கே இதில் பழைய அனுபவம் உண்டு. 1944 நவம்பரில் வேப்பேரிப் பக்கம் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். பிராட்வே திரையரங்கில் தன் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே தியாகராஜ பாகவதர் கைதானார், கூடவே என்.எஸ். கிருஷ்ணனும். லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1947இல் இருவரும் விடுதலையானார்கள். ஆனால் பாகவதரின் பழைய இடம் அவருக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. பட்டாக்கத்தியோடு ரீல்ஸ் போடுவது, இறந்துபோன ரவுடியின் படத்துக்குப் பாட்டு சேர்ப்பது, பஸ் ரூட்டில் மாணவர் கும்பலுக்குத் தலைவராகத் திரியும் கல்லூரி 'ரூட்டு தல' அண்ணன்களின் பின்னால் சுற்றுவது எல்லாம் அவர்களுக்குக் கெத்தாகத் தெரிகிறது. அந்த ரீல்ஸே காவல்துறைக்குச் சாட்சி. 18 வயதுக்குள் என்றால் இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். 16 தாண்டியவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால் பெரியவர்களைப் போல விசாரிக்கவும் வழி உண்டு. வடசென்னை என்றாலே ரவுடி என்று படமெடுத்தவர்கள் எடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த முகவரியோடு வேலைக்கு விண்ணப்பிக்கப் போவது நம் பிள்ளைகள். 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா இதே வண்ணாரப்பேட்டைப் பக்கத்துப் பெண். அவருடைய படத்தை எத்தனை பேர் ஸ்டேட்டஸ் வைத்தோம்?

பள்ளியில் இந்த வாரத்திலிருந்து வகுப்புக் குழுக்களில் ஆசிரியர் மட்டுமே செய்தி போட முடியும். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டியை ஒவ்வொரு வாரமும் நானும் ஒரு பெண் ஆசிரியரும் சேர்ந்து திறப்போம். பிள்ளை பெயர் எழுத வேண்டியதில்லை.

கீழே உள்ள சீட்டில், உங்களைத் தவிரப் பிள்ளையை அழைத்துச் செல்லக்கூடிய இருவரின் பெயர், உறவு, போன் எண் எழுதி, கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். உங்களுக்கும் பிள்ளைக்கும் மட்டும் தெரிந்த ஒரு ரகசியச் சொல்லை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், அதைச் சீட்டில் எழுத வேண்டாம். "அம்மா அனுப்பினாங்க" என்று யார் வந்தாலும் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கட்டும். படிக்க இயலாத பாட்டி தாத்தாதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் இந்தக் கடிதத்தை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை

✂ - - - - - - - - - -
மாணவர் பெயர், வகுப்பு, பிரிவு:
அழைத்துச் செல்பவர் 1 (பெயர், உறவு, போன்):
அழைத்துச் செல்பவர் 2 (பெயர், உறவு, போன்):
பெற்றோர் கையெழுத்து: