செயலாளரின் ஆண்டறிக்கை: கடந்து போகும் சரக்கும் கைமாறும் சரக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, லாரி உரிமையாளர்களே, ஓட்டுநர்களே, கிடங்கு நடத்துவோரே, சுமைப்பணித் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடந்தன. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமேல் இருக்கிறது, வேண்டுவோர் புரட்டிப் பார்க்கலாம். சந்தா பாக்கி உள்ளவர்கள் இன்றே கட்டிவிட்டால் பொருளாளர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். ஆண்டு முழுவதும் நம் நேரத்தை எடுத்துக்கொண்டது ஒரே வேலைதான். வட்டாரச் சரக்குப் போக்குவரத்துத் திட்டத்தின் வரைவு நம் கருத்துக்கு வந்தது. அதற்கு நாம் பதில் எழுதினோம். இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

வரைவின் முதல் பக்கத்திலேயே இரண்டு வாக்கியங்கள் அடுத்தடுத்து இருந்தன. சரக்கு வண்டிகள் நம் வட்டாரத்தை விரைவாகக் கடக்கும் என்றது ஒன்று. அதனால் உள்ளூரில் வேலைவாய்ப்பு பெருகும் என்றது மற்றொன்று. முதல் வாக்கியத்தில் நமக்குச் சண்டை இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ‘அதனால்’தான் இடித்தது. கடந்து போகும் லாரி நமக்கு விட்டுப் போவது புகையும் தேய்ந்த சாலையும்தான். சரக்கு எங்கே நின்று, பிரிக்கப்பட்டு, தரம் பார்க்கப்பட்டு, வேறு வண்டிக்கு மாறுகிறதோ அங்கேதான் ஆளுக்கு வேலை. நம் பதிலின் சாரம் இதுதான். ஏன் அப்படிச் சொன்னோம் என்று உறுப்பினர்கள் கேட்டதால் இங்கே விரித்து எழுதுகிறேன்.

போக்குவரத்து சீரானால் வேலை கூடும் என்பது தானாக நடப்பதல்ல, குறையவும் செய்யும். 1956 ஏப்ரல் 26 அன்று ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் கன்டெய்னர் எனப்படும் 58 பெரிய சரக்குப் பெட்டிகளைச் சுமந்து அமெரிக்காவின் நெவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்டது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளியின் ஏற்பாடு அது. கன்டெய்னர் யுகம் அங்கிருந்துதான் தொடங்கியது. மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த துறைமுகங்களில் ஆயிரக்கணக்கானோர் செய்த வேலையைக் கிரேன்கள் எடுத்துக்கொண்டன. லண்டனின் பழைய கப்பல்துறைகள் 1967 தொடங்கி 1981க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சரக்கு நின்றுவிடவில்லை, ஃபெலிக்ஸ்டோ போன்ற வேறு துறைமுகங்களுக்கு இடம் மாறியது. வேலையும் கூடவே போனது. ஆனால் ஆட்களால் அப்படிப் போக முடியவில்லை.

இதை முன்கூட்டியே பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் மேற்குக் கரைத் துறைமுகத் தொழிலாளர் சங்கம் 1960இல் முதலாளிகளோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. இயந்திரங்களைக் கொண்டுவரத் தொழிலாளர்கள் சம்மதித்தார்கள். அதற்கு ஈடாக, வேலையில் இருப்போருக்கு வருமான உத்தரவாதமும் ஓய்வு பெறுவோருக்குப் பணமும் தரும் நிதியை முதலாளிகள் ஏற்படுத்தினார்கள். அந்த ஒப்பந்தத்தை எல்லோரும் மெச்சவில்லை. புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கு அதில் கிடைத்தது குறைவு. ஆனாலும் இயந்திரம் வந்தபின் மனு கொடுப்பதைவிட, வரும் முன்பே மேசையில் உட்காருவது மேல் என்பது என் கருத்து. மறுபயிற்சி நிதி வேண்டும் என்ற சுமைப்பணித் தோழர்களின் கோரிக்கையை நம் பதிலில் இரண்டாவது பத்தியிலேயே வைத்ததற்குக் காரணம் இதுவே.

அடுத்து, பெரிய பாதை கட்டிய ஓர் ஊரின் கதை. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்களிலிருந்து நகர நடுவில் உள்ள ரயில் முனையங்களுக்கு 2002இல் அலமேடா சரக்கு ரயில்பாதை திறக்கப்பட்டது. நீளம் சுமார் 32 கிலோமீட்டர். அதில் பாதி, பள்ளம் தோண்டி அதற்குள் ஓடுகிறது. ஏறக்குறைய 200 ரயில்வே கேட்டுகளுக்கு வேலை இல்லாமல் போனது. ரயில் போகட்டும் என்று ஊர் காத்துக்கிடந்த நேரம் மிச்சமாயிற்று. இது உண்மையான நன்மை. ஆனால் இறக்குமதிச் சரக்கில் ஒரு பெரும் பகுதி அந்த ரயிலில் ஏறவே இல்லை. வணிகர்கள் கப்பல் பெட்டியை லாரியில் உள்நாட்டுக் கிடங்குக்குக் கொண்டுபோய், பிரித்து, எந்தக் கடைக்கு எது என்று அங்கேயே முடிவு செய்து, உள்நாட்டுக்கான பெரிய பெட்டிகளில் மாற்றி ஏற்றத் தொடங்கினார்கள். கிழக்கே உள்ள மாவட்டங்களில் கிடங்கு வேலைகள் முளைத்தது அப்படித்தான். பாதையைவிட, பெட்டி திறக்கப்படும் இடம்தான் வேலையைத் தந்தது.

அந்த வேலைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூலி குறைவு, பலர் ஒப்பந்தத் தொழிலாளர், கிடங்கைச் சுற்றியுள்ள வீடுகளில் டீசல் புகை என்று அங்கே குறைகள் குவிந்தன. 2021இல் அந்தப் பகுதியின் காற்றுத்தர அமைப்பு ஒரு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட கிடங்குகள் தங்களிடம் வந்துபோகும் லாரிகளின் புகைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று விதி போட்டது. கிடங்கு வேண்டும் என்று கேட்கும் நாம், எப்படிப்பட்ட கிடங்கு என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும்.

காத்திருப்பு. ஓட்டுநர்கள் நம் கூட்டத்தில் அதிகம் பேசியது இதைப் பற்றித்தான். சாலையில் மிச்சம் பிடித்த அரை மணி நேரம் கிடங்கு வாசலில் அரை நாளாகக் கரைகிறது. வரைவில் சாலை அகலத்துக்குப் பல பக்கங்கள், கிடங்கு வாசலுக்கு ஒரு வரிகூட இல்லை. நேர ஒதுக்கீடு, வண்டியைக் காக்க வைத்ததற்கான ஹால்டிங் கட்டணத்தை ஒழுங்காக வாங்கித் தருதல், வண்டி நிறுத்த இடம், கழிப்பறை, குளியலறை ஆகியவற்றைக் கேட்டிருக்கிறோம். நிறுத்துமிடத்தைச் சொகுசு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2009இல் அமெரிக்காவில் ஓர் ஓட்டுநர் நேரத்துக்கு முன்பே வந்துவிட்டதால் இறக்குமிடத்தில் அனுமதி கிடைக்காமல், கைவிடப்பட்ட பெட்ரோல் பங்க் ஒன்றில் வண்டியை நிறுத்தித் தூங்கினார். அங்கேயே கொள்ளைக்காரனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மனைவி விடாமல் போராடியதால் 2012இல் பாதுகாப்பான நிறுத்துமிடங்களுக்கான சட்டம் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஓய்வெடு என்று சட்டம் போட்டால், எங்கே எடுப்பது என்பதையும் திட்டம்தான் சொல்ல வேண்டும்.

ரிட்டர்ன் லோடு, அதாவது திரும்பி வரும் வண்டிக்குக் கிடைக்கும் சரக்கு, உரிமையாளர்களுக்குத் தெரியாத விஷயமல்ல. ஐரோப்பாவிலேயே லாரிகள் ஓடும் தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு காலியாகத்தான் ஓடுகிறது. ஒரு வட்டாரம் வாங்குவது அதிகமாகவும் விற்பது குறைவாகவும் இருந்தால் வண்டி காலியாகத்தான் திரும்பும். சரக்கு தேடித் தரும் எந்தக் கைபேசிச் செயலியாலும், இல்லாத சரக்கை உண்டாக்கித் தர முடியாது. ஆகவே எந்தத் தொழில் எங்கே அமையலாம் என்ற நில வரைபடமும் இந்தத் திட்டமும் ஒரே மேசையில் தயாராக வேண்டும் என்று எழுதினோம். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் இதற்கு நல்ல பாடம். ரைன்ஹவுசன் எஃகு ஆலை 1993இல் மூடப்பட்டபோது அந்த நிலத்தை வீட்டுமனை போடாமல், ஆறும் ரயிலும் சாலையும் சேரும் சரக்கு மையமாக 1998 முதல் மாற்றினார்கள். மூன்றும் சேரும் நிலம் ஒருமுறை கைநழுவினால் திரும்பக் கிடைக்காது.

அதிக பாரம் பற்றிய தீர்மானத்தில் நமக்குள் வாக்குவாதம் நடந்ததை மறைக்க வேண்டியதில்லை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த சாலைச் சோதனை, அச்சு பாரம், அதாவது வண்டியின் ஓர் அச்சு சாலைமேல் அழுத்தும் எடை, இரட்டித்தால் சாலைச் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும் என்று காட்டியது. சில உரிமையாளர்கள், வாடகை கட்டுபடியாகாததால்தான் ஏற்றுகிறோம் என்றார்கள். அதுவும் உண்மையே. எனவே பாரம் ஏற்றிவிடுபவரையும் அபராதத்துக்கு உட்படுத்த வேண்டும் என்று சேர்த்து, தீர்மானம் பெரும்பான்மையில் நிறைவேறியது.

நம் பரிந்துரைகளில் நிறுத்துமிடமும் கிடங்கு வாசல் நேர ஒதுக்கீடும் திருத்திய வரைவில் இடம்பெற்றன. நில ஒதுக்கீடு பரிசீலனையில் உள்ளது. சுமைப்பணித் தொழிலாளருக்கான மறுபயிற்சி நிதிக்கு இதுவரை பதில் இல்லை; புதிய செயற்குழு முதலில் கையிலெடுக்க வேண்டியது அதைத்தான். ‘அதனால்’ என்ற சொல் இன்னும் முதல் பக்கத்தில் இருக்கிறது.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். இவ்வறிக்கையை ஏற்றுப் பதிவு செய்யுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்