கணினி வகுப்பில் தமிழ் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடித்த மகளைக் கோடை விடுமுறையில் கணினி வகுப்பில் சேர்த்தேன். ஒரு மாதம் வேர்டு சொல்லிக் கொடுத்தார்கள். எழுத்தைத் தடிப்பாக்க, நிறம் மாற்ற, படம் ஒட்டக் கற்றுக்கொண்டாள். சரி, தமிழில் ஒரு விடுப்புக் கடிதம் அடித்துக் காட்டு என்றேன். திகைத்துப் போனாள். பழைய பாமினி எழுத்துருவை ஒரே ஒரு நாள் காட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதில் அடித்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரியும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இந்தத் தொல்லையே இல்லை.

தமிழக அரசு 1999-லேயே எந்த விசையில் எந்தத் தமிழ் எழுத்து என்று வகுக்கும் தமிழ்99 விசைப்பலகை அமைப்பை அறிவித்துவிட்டது. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என நான்கே தட்டல். புள்ளி தானாக விழும். எவ்வளவு அழகான ஏற்பாடு! வீட்டிலேயே பத்து நாளில் பழகிவிட்டாள். மென்பொருளுக்குப் பணம் இல்லாதவர்களுக்கு வேர்டு போன்ற லிப்ரே ஆபீஸ் ரைட்டர் இலவசமாகவே கிடைக்கிறது.

பயிற்சி மையங்கள் படம் ஒட்டுவதை அப்புறம் சொல்லித் தரட்டும். முதல் வாரத்திலேயே யூனிகோடு தமிழ்த் தட்டச்சையும், கோப்பை அவ்வப்போது சேமிக்கும் பழக்கத்தையும் கற்பிக்க வேண்டுகிறேன்.

ஒரு தாய்,
மதுரை.